கோப்பு இல்லை!

இரண்டாம் ஆண்டு கணிப்பொறி அறிவியல் மாணவர்களாகிய எங்களுக்குக் கோப்பைத் திறந்து படிக்கும் நிரல் ஒரு சிறு பயிற்சி. திற, படி, மூடு; மூன்றே வரிகள். ஆனால், திறக்கச் சொன்ன கோப்பு அங்கே இல்லையென்றால்? நிரல் எழுதுபவரின் குணம் அங்கேதான் தெரிகிறது என்பேன்.

சி மொழியில் கோப்பு கிடைக்காவிட்டால் 'நல்' என்ற வெற்று மதிப்பு திரும்பி வரும், அவ்வளவுதான். அதைச் சோதிக்காமல் மேலே நடந்தால் நிரல் வேறெங்கோ போய் விழும். ஜாவா நம்மை அவ்வளவு நம்புவதில்லை. கோப்பு இல்லாவிடில் என்ன செய்வாய் என்று எழுது. அல்லது அப்பொறுப்பை மேலே தள்ளுகிறேன் என்றாவது வெளிப்படையாகச் சொல். இல்லையேல் கம்பைலர் ஏற்காது. பைத்தான் மொழியோ, 2012-இல் வெளிவந்த 3.3 பதிப்பு முதல், இதற்கு 'ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர்' என்று தனிப்பெயரே சூட்டியிருக்கிறது. கோப்பு இருந்தும் திறக்க உரிமை இல்லையென்றால் 'பெர்மிஷன் எரர்'. இல்லாமை வேறு, மறுக்கப்படுதல் வேறு அல்லவா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே மனு எழுதுவதும், அம்மாவுடன் அலுவலகம் செல்வதும் என் வேலை. வீட்டுமனைப் பட்டாவுக்காக ஓர் அலுவலகத்திற்கு மூன்று முறை நடந்தோம். "ஃபைல் இல்லைம்மா, அப்புறம் வாங்க" என்பதே மூன்று முறையும் விடை. எந்தக் கோப்பு, எங்கே தேடினார்கள், நாங்கள் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் இல்லை. நான்காம் முறை வேறொருவர் இருந்தார். "இந்த நம்பர் ஃபைல் சர்வே பிரிவுக்குப் போயிருக்கு. மனுவோட நகல் இருந்தா அங்க கொடுங்க" என்றார். கோப்பு அன்றும் அங்கே இல்லைதான். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு நாள் கூலி போயிருக்காதே" என்றார் அம்மா.

எந்தப் பிழை வந்தாலும் பிடித்து, பேசாமல் விழுங்கிவிடும் நிரல்களை ஆய்வகத்தில் காணும்போது அந்த முதல் மூன்று விடைகளே என் காதில் விழுகின்றன. "பிழையே வரவில்லை, அழகாக ஓடுகிறது" என்பார்கள் நண்பர்கள். மதிப்பெண் கோப்பு இல்லாதபோதும் வெற்றுப் பட்டியலை வைத்துக்கொண்டு சராசரி 0 என்று அச்சிடும் நிரல், பாதியில் நின்றுபோகும் நிரலைவிடக் கொடியது.

எல்லாக் கோப்பும் ஒன்றல்ல. திரையின் நிறத்தைக் குறித்து வைத்த கோப்பு இல்லையா? வழக்கமான நிறத்தோடு தொடரலாம். மதிப்பெண் கோப்பு இல்லையா? நிற்கத்தான் வேண்டும், எங்கே தேடினேன் என்ற முழு முகவரியையும் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். ஏனெனில் பல வேளைகளில் கோப்பு பத்திரமாகவே இருக்கும். நிரல்தான் வேறு ஃபோல்டரில் தேடிக்கொண்டிருக்கும். லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. விண்டோஸில் பின்னொட்டு மறைந்திருப்பதால் '.டிஎக்ஸ்டி' இருமுறை ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு.

கோப்பு உண்டா என்று முதலில் பார்த்துவிட்டுத் திறந்தால் போதாதா எனச் சிலர் கேட்கிறார்கள். பார்த்த கணத்திற்கும் திறக்கும் கணத்திற்கும் இடையில் யாரேனும் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால்? எங்கள் ஆய்வகத்தில் இது நடக்காத வாரம் இல்லை.