ஓட்டுபவரின் கார், வீட்டாரின் கார்

மிஸிஸாகா, ஒன்டாரியோ

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

டொரான்டோ நகரின் மையத்தில் குடியிருப்பவர்களுக்குச் சுரங்க ரயிலும் டிராமும் உண்டு. ஆனால் நகரைச் சூழ்ந்து பரந்து கிடக்கும் புறநகர்களில் வசிக்கும் எங்களுக்கோ, வேலைக்குப் போகவும் காய்கறி வாங்கவும் மருத்துவரைப் பார்க்கவும் சொந்த வாகனமே கதி என்பதால், எந்தக் காரை வாங்குவது என்னும் கேள்வி இங்கே ஆடம்பரத்தைச் சேர்ந்ததன்று, ஜீவனத்தைச் சேர்ந்தது. அந்தக் கேள்வி அண்மையில் எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் இளம் தம்பதியரின் வீட்டில் எழுந்து, பல வாரங்கள் ஓயாமல் நடந்து, இறுதியில் என் அபிப்பிராயத்தையும் கேட்கும் நிலைக்கு வந்தது.

கணவர் கணினித் துறையில் இருப்பவர். பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். வெளியே போக அவரிடம் பழைய செடான் கார் ஒன்று இருக்கிறது. மனைவி செவிலியர், ஹாமில்டன் நகரின் கீழ்ப்புறத்தில் உள்ள மருத்துவமனையில், சில வாரங்கள் பகலிலும் சில வாரங்கள் இரவிலுமாகப் பன்னிரண்டு மணி நேரப் பணி. 1939இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரும் எலிசபெத் அரசியாரும் இந்நாட்டுக்கு வந்தபோது திறந்துவைத்து, அரசியாரின் பெயரையே தாங்கி நிற்கும் குவீன் எலிசபெத் நெடுஞ்சாலையில், ஒன்டாரியோ ஏரியின் மேற்குமுனையை 1958 முதல் கடந்து நிற்கும் பர்லிங்டன் உயர்பாலத்தின்மீது, காற்று கடுமையாக வீசும் நாட்களில் போக்குவரத்தையே நிறுத்திவிடும் அந்தப் பாலத்தின்மீது, அந்தப் பெண் விடியலிலும் நள்ளிருளிலும் தனியே ஓட்டிப் போய்வருகிறாள். வாங்கப்போகிற புதிய கார் அவளுக்கு.

"ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்தா நாலு பெட்டியோட வருவாங்க, மாமா. டிக்கி பெரிசா இருக்க வேண்டாமா, நீங்களே சொல்லுங்க" என்றார் கணவர். அவர் விரும்பியது ஹோண்டா சி.ஆர்.-வி.

"அவங்க வர்றது எப்பவோ ஒரு தடவை, மாமா. நான் இதைத் தினமும் ஓட்டப்போறேன்" என்றாள் மனைவி. அவள் விரும்பியது மாஸ்டா சி.எக்ஸ்.-5, அதன் இரண்டாம் தலைமுறை.

காம்பாக்ட் எஸ்யூவி என்று சொல்லப்படும் இந்த வாகன ஜாதி தோன்றி அதிக காலம் ஆகிவிடவில்லை. லாரியைப் போன்ற கனத்த சட்டத்தின்மேல் கட்டப்பட்ட பெரிய வண்டிகளின் உயரத்தையும் இடவசதியையும், சாதாரணக் காரின் இலகுவான உடற்கட்டிலேயே கொடுக்க முடியும் என்று 1994இல் டொயோட்டா தன் ராவ்-4 வண்டியாலும், அடுத்த ஆண்டே ஹோண்டா தன் சி.ஆர்.-வி.யாலும் காட்டின. முதல் சி.ஆர்.-வி.யின் டிக்கித் தளத்தைக் கழற்றிக் கால்களை விரித்தால் அதுவே வனபோஜனத்துக்கு உரிய மேஜையாகிவிடும். குடும்பத்தார் ஒன்றுகூடிப் போகும் நாளை மனத்தில் வைத்தே அந்தக் கார் பிறந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. இன்று ஒன்டாரியோவில் அலிஸ்டன் என்னும் ஊரில் சி.ஆர்.-வி.யும், உட்ஸ்டாக்கிலும் கேம்பிரிட்ஜிலும் ராவ்-4உம் உற்பத்தியாகின்றன. அந்த ஊர்களின் தொழிலாளர் வாழ்வைக் கருதியே இவற்றை வாங்குகிறவர்களையும் நான் அறிவேன். அது மதிக்கத்தக்க காரணமே.

சி.ஆர்.-வி.யின் பெருமை அதன் பின்பாதியில் இருக்கிறது. பின்கதவுகள் ஏறக்குறைய செங்கோணமாகத் திறக்கின்றன. முழங்கால் வலியுள்ள முதியவர் உடலை முறுக்காமல், இருக்கையில் அமர்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். காலை நீட்டுவதற்கு சி.எக்ஸ்.-5ஐவிட மூன்றரை சென்டிமீட்டர் அதிக இடம் உண்டு. காகிதத்தில் இது அற்பமாகத் தோன்றும். கைக்குழந்தையைப் பின்னோக்கி அமர்த்தும் இருக்கையைப் பொருத்திய பின் முன்னால் அமர்பவரின் முட்டி டாஷ்போர்டில் இடிக்குமா இடிக்காதா என்பதை இந்த அளவே தீர்மானிக்கிறது. டிக்கியின் கொள்ளளவு ஏறக்குறைய 1,110 லிட்டர், சி.எக்ஸ்.-5க்கு 870 லிட்டர்தான். உடன் வருபவர்களிடம் ஒரு வாகனம் காட்டும் கருணையை இத்தகைய அளவுகளாலேயே அறிய வேண்டும் என்பதால், இவற்றைச் சந்தை விளம்பரமென்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

அப்படியிருந்தும் சி.எக்ஸ்.-5ஐ அந்தப் பெண் ஏன் விரும்பினாள் என்பது, விற்பனை நிலையத்தார் அனுமதித்த பரீட்சார்த்த ஓட்டத்தில் அவளுக்குப் பக்கத்தில் நான் அமர்ந்தபோதுதான் பிரத்தியட்சமாக விளங்கிற்று. இதில் விசேஷம் என்னவென்றால், டர்போ இல்லாத சி.எக்ஸ்.-5இன் எஞ்சின் 187 குதிரைசக்தி; அதைவிடச் சாதுவென்று எல்லோரும் கருதும் சி.ஆர்.-வி.யின் டர்போ எஞ்சினுக்கோ 190. பந்தயக் குணம் சக்தியில் இல்லை என்பது இதனாலேயே தெளிவாகும். ஹோண்டாவின் சி.வி.டி. என்னும் பெல்ட் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் முதலில் இரைந்து எழுகிறது, வேகம் சற்றுப் பின்னால் வந்து சேருகிறது. மாஸ்டாவின் ஆறு கியர்களோ ஒவ்வொன்றாய்ப் படியேற, சத்தமும் வேகமும் ஒன்றாகவே ஏறுகின்றன. ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கியதும் எஞ்சின் விசையை ஓட்டுபவர் உணராத அளவு குறைத்து, அதனால் பாரத்தை முன்சக்கரங்களின்மேல் சிறிது சாய்த்து, வளைவில் அவை தரையை இறுகப் பற்றும்படி செய்யும் ஏற்பாடும் இதில் உண்டு. குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஒரே உடல்போல் இயங்க வேண்டும் என்பதைக் கொள்கையாகவே வைத்துக்கொண்டு 1989 முதல் எம்.எக்ஸ்.-5 என்னும் சிறிய திறந்த காரைச் செய்துவரும், 1991இல் பிரான்சின் லமான் பந்தயத்தை ஜப்பானிய நிறுவனங்களுள் முதலாவதாக வென்ற ஹிரோஷிமாக்காரர்களின் கைவேலை அது.

நெடுஞ்சாலையில் சேரும் வட்டமான ஏற்றத்தில் அவள் ஸ்டியரிங்கை ஒரே முறை திருப்பி, அதற்குமேல் திருத்த வேண்டிய அவசியமே இல்லாமல், அமைதியாகப் போய்க்கொண்டிருந்தாள். அதே வளைவில் சி.ஆர்.-வி.யில் அவள் கைகள் பலமுறை சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே இருந்ததை நான் அன்று முற்பகலில்தான் பார்த்திருந்தேன். பன்னிரண்டு மணி நேரம் நோயாளிகளைத் தூக்கியும் திருப்பியும் பராமரித்துவிட்டு வீடு திரும்புகிற ஒருத்திக்கு, கார் தன் எண்ணத்தை உடனே புரிந்துகொள்கிறது என்னும் நம்பிக்கை எவ்வளவு பெரிய இளைப்பாறுதல்! இதை இளமையின் உல்லாசம் என்று சொல்லி ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பின் இருக்கையில் அமர்பவருக்கு மாஸ்டாவின் சஸ்பென்ஷன் சாலையின் மேடு பள்ளங்களைக் கூடுதலாக உணர்த்தும் என்பது உண்மை. ஆனால் அவளுடைய பயணங்களில் பின் இருக்கை காலியாகவே இருக்கிறது.

குளிர்காலத்தைக் கருதாமல் இந்நாட்டில் கார் வாங்குவதற்கில்லை. இரண்டுமே நான்கு சக்கரங்களையும் இயக்கவல்லவை. மாஸ்டாவின் அமைப்பு வெளியே உள்ள தட்பவெப்பத்தையும் வைப்பர் இயங்குவதையும்கூடக் கவனித்துச் சறுக்கலை முன்கூட்டியே ஊகிக்கிறது. ஆயினும் நான்கு சக்கர இயக்கம் பனியில் புறப்படுவதற்கு உதவுமேயன்றி நிற்பதற்கு உதவாது என்பதைப் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் அவசியம் அறிய வேண்டும். நிறுத்துவது டயரின் ரப்பர். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கத் தொடங்குகிறது. குளிர்கால டயரோ அப்போதும் மென்மை குன்றாமல் இருக்கிறது. க்யுபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் அதைப் பொருத்துகிறவர்களுக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. எந்தக் காரை வாங்கினாலும் சரி, கூரைக் கண்ணாடிக்கும் உயர்ரக ஒலிபெருக்கிக்கும் கேட்கிற பணத்தை இந்த நான்கு டயர்களுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று நான் இருவரிடமும் வற்புறுத்திச் சொன்னேன்.

கணவரின் வாதங்களில் கனமானது பெட்ரோலைப் பற்றியது. சி.ஆர்.-வி. ஹைப்ரிட்டாகவும் கிடைக்கிறது, நின்று நின்று போகும் நகரத் தெருக்களில் அது சி.எக்ஸ்.-5ஐவிட நூறு கிலோமீட்டருக்கு மூன்று லிட்டருக்கும் அதிகமாக மிச்சப்படுத்தும். ஆனால் சீரான வேகத்தில் செல்லும் நெடுஞ்சாலையில் அந்த வித்தியாசம் ஒரு லிட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அவளுடைய பயணமோ முக்காலும் நெடுஞ்சாலை. நெடுஞ்சாலையில் மட்டும் ஆண்டுக்கு இருபதாயிரம் கிலோமீட்டர் என்று வைத்தாலும் அங்கே மிச்சம் 200 லிட்டர்தான். மறுபுறம், 2022ஆம் ஆண்டில் கனடாவில் மிக அதிகமாகத் திருடப்பட்ட வாகனம் சி.ஆர்.-வி.யே, இங்கே திருடப்படும் கார்களில் பல மான்ட்ரியல் துறைமுகம் வழியே கப்பலேறிவிடுகின்றன என்பதால், இதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

நம் ஊரில் என்றோ நடக்கப்போகும் கல்யாணத்துக்கு வரக்கூடிய உறவினரை எண்ணிக் கூடத்தின் நீளத்தைத் தீர்மானிப்பார்கள்; அந்தப் பழக்கமே கடல் கடந்து வந்து, பெற்றோர் வரும் நாளையும் கோயிலுக்கு எல்லோரும் சேர்ந்து போகும் நாளையும் கருதிக் காரின் அளவைத் தீர்மானிக்க வைக்கிறது. அதன் பின்னே இருக்கும் பாசத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வருஷத்தின் மற்ற நாட்களில் அந்தக் காரில் தனியே அமர்ந்து, இருட்டிலும் பனியிலும் ஓட்டி, குடும்பத்தின் வருமானத்தில் பாதியைக் கொண்டுவருகிறவளின் சௌகரியத்துக்கு முதலிடம் இல்லையென்றால், அந்தப் பாசத்தின் விலையை அவள் ஒருத்தியே கொடுப்பதாகிவிடுகிறது. அவர்களுக்குக் கைக்குழந்தை இருந்திருந்தால் தயங்காமல் சி.ஆர்.-வி.யைத்தான் சொல்லியிருப்பேன், மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். ஆகவே என் வாக்கு சி.எக்ஸ்.-5க்கே என்றேன்.

2025இல் மாஸ்டா வெளியிட்ட மூன்றாம் தலைமுறை சி.எக்ஸ்.-5, 115 மில்லிமீட்டர் நீண்டு, பின் இருக்கையிலும் டிக்கியிலும் இடத்தைப் பெருக்கியிருக்கிறது என்பதைக் கணவர் எடுத்துச் சொல்லி, அதற்காகக் காத்திருக்கலாமா என்று கேட்டார். அதில் ஏ.சி., ஹீட்டரின் திருகுகளை நீக்கி எல்லாவற்றையும் தொடுதிரைக்குள் வைத்துவிட்டார்கள். கம்பளிக் கையுறையோடு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், திருகிச் சூட்டைக் கூட்டும் வசதி போய்விட்டது. அவள் அதை விரும்பவில்லை. இரண்டாம் தலைமுறையில் விற்காமல் நின்ற கார் ஒன்றைச் சென்ற வாரம் பதிவு செய்திருக்கிறார்கள், குளிர்கால டயர்களோடு. மே மாதம் கணவரின் பெற்றோர் வரும்போது பியர்சன் விமான நிலையத்துக்கு இரண்டு கார்களும் போகும்: பெட்டிகளும் பேத்தியும் செடானில், மாமியார் மருமகளின் காரில் பின்னால், முழங்கால் வலியுள்ள மாமனார் அதே காரில் முன் இருக்கையை முழுவதும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, மருமகளுக்குப் பக்கத்தில்.

தங்கள் அன்புள்ள,
மிஸிஸாகா நண்பன்