அளவறிந்து கொடுத்த மருந்து

கொங்கு நாட்டில், கோவையிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கிணத்துக்கடவு என்னும் ஊர் உள்ளது. பொன்மலைமேல் வேலாயுதசாமி எழுந்தருளியிருக்கும் அவ்வூரின் சந்தையில் தக்காளியும் பிற காய்களும் மலையெனக் குவியும்; அவற்றுள் பெரும்பகுதி கேரளத்திற்குச் செல்லும்.

அவ்வூரை அடுத்த தோட்டமொன்றில் ஓர் உழவர் குடும்பம் வாழ்கின்றது. ஐப்பசித் திங்களில் ஒருநாள் குடும்பத் தலைவர் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பாலக்காட்டிற்குச் சென்றிருந்தார். வீட்டில் அவருடைய தாயாரும், மனைவியும், எட்டாம் வகுப்பிற் பயிலும் மகளும், இரண்டு வயது மகனுமே இருந்தனர். வெளியே இடைவிடாத மழை. இரவு பதினொரு மணியளவில் குழந்தையின் உடல் அனலாய்க் கொதித்தது. அக்குளில் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது 102 பாகை காட்டியது.

பாட்டியார் திருநீறு பூசிக் கம்பளியால் பேரனை இறுகப் போர்த்தினார். பின்னர் அலமாரியைத் திறந்தார். அங்கே மூன்று புட்டிகள் இருந்தன.

“அம்மணி, அந்தச் சின்னப் புட்டியை எடு. போன ஆண்டு இவனுக்கு அதுதான் கேட்டது. ஒரு கரண்டி நிறைய ஊற்று” என்றார்.

தாய் புட்டியைக் கையில் எடுத்துவிட்டாள். அப்பொழுது மகள், “அப்பத்தா, சற்றுப் பொறுங்கள், அதில் எழுதியிருப்பதைப் படித்துவிடுகிறேன்” என்று விளக்கடியில் அதனைப் பிடித்தாள்.

சிறு புட்டி, கைக்குழந்தைகளுக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பதற்கு உரியது. அதன் ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் பாராசிட்டமால் இருந்தது. பெரிய புட்டியிலோ, 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராமே இருந்தது. மருந்து ஒன்றே; செறிவு வேறு. குழந்தையின் எடை பத்துக் கிலோ என்று அங்கன்வாடி அட்டை கூறியது. கிலோ ஒன்றுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை போதும் என்று முன்பு மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டும் இருந்தது. ஆகவே, வேண்டியது 100 முதல் 150 மில்லிகிராம். பெரிய புட்டியில் 5 மில்லிலிட்டர் எடுத்தால் கணக்குச் சரியாகும். சிறு புட்டியில் அதே அளவு ஊற்றியிருந்தாலோ 500 மில்லிகிராம் உள்ளே சென்றிருக்கும்! மிகுந்த பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். அக்கேடு முதல்நாளில் வெளியே தோன்றாதிருத்தலும் உண்டு. சிறு புட்டியின் காலவரையறை கடந்துபோயிருந்ததையும் அப்பெண் கண்டாள்.

மூன்றாவது புட்டி சளி மருந்து. அதிலும் பாராசிட்டமால் கலந்திருந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுப்போர் ஒரே மருந்தை இருமுறை கொடுக்கின்றனர் என்பதை அறியார். அதன் மேலட்டையில், நான்கு வயதிற்குட்பட்டோர்க்கு ஆகாது என்றும் எழுதியிருந்தது. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் என்னும் இரண்டும் சேர்ந்த மருந்துகளில் இவ்வெச்சரிக்கையை அச்சிடுமாறு 2023-ஆம் ஆண்டில் நடுவண் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர் ஆணையிட்டார்.

சளி மருந்து என்றதும் தாய்க்கு நாளிதழிற் படித்த செய்தி நினைவிற்கு வந்தது. 2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் ‘கோல்ட்ரிப்’ என்னும் சளி மருந்தை உண்ட இளங்குழந்தைகள் பலர் சிறுநீரகம் பழுதுற்று மாண்டனர். அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்டது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் ஆய்ந்தபோது, டைஎத்திலீன் கிளைகால் என்னும் நஞ்சு அதில் 48.6 விழுக்காடு இருந்தது. அந்த அக்டோபரில் அம்மருந்தின் விற்பனை இங்குத் தடை செய்யப்பட்டது. அட்டையைப் படிப்பவர்க்கும் அந்நஞ்சு புலப்பட்டிராது. அதைக் காத்தல் அரசின் கடமை. ஆயினும், தானே ஆறிவிடக்கூடிய சளிக்கு இரண்டு வயதுக் குழந்தையின் வாயில் மருந்தை ஊற்றுவானேன்?

அத்தை கொண்டுவந்த சமையற் கரண்டியைத் தாய் வாங்கி வைத்துவிட்டு, மருந்துடன் வந்த அளவுக் குப்பியில் பெரிய புட்டியைக் குலுக்கி ஊற்றினாள். கம்பளியை அகற்றி மெல்லிய சட்டை அணிவித்தாள். மகள் நாட்காட்டித் தாளில் ‘இரவு 11.15’ என்று குறித்தாள். நான்கு மணி நேரத்திற்குள் மறுமுறை கொடுத்தல் ஆகாது. ஒருநாளைக்கு நான்கு முறைக்கு மேலும் ஆகாது.

ஒரு மணி நேரத்தில் வெப்பம் 100 பாகைக்கு இறங்கியது. குழந்தை நீர் பருகி உறங்கினான். இரண்டு மணிக்கு மீண்டும் உடல் சுட்டது. “இன்னும் கொஞ்சம் கொடுத்தால் என்ன?” என்றார் பாட்டியார். பேரன் படும் துன்பத்தைப் பார்த்திருத்தல் எளிதோ? தாய் நாட்காட்டியைக் காட்டினாள். அவர் வாய்திறவாது பேரனின் தலைமாட்டில் அமர்ந்து விசிறினார். மூன்றேகால் மணி கடந்த பின்னரே அடுத்த வேளை மருந்து கொடுக்கப்பட்டது.

காலையில் அரசு மருத்துவமனைக்குச் சென்றனர். மருத்துவர் அம்மையார் குழந்தையை நோக்கிய பின், நாட்காட்டித் தாளையும் வாங்கிப் படித்தார். “இம்மருந்து சூட்டைத் தணிக்குமேயன்றி நோயைத் தீர்க்காது. டெங்கு பரவும் காலம் இது. ஆகலின் ஐபுபுரூபன், ஆஸ்பிரின் முதலியவற்றை நீங்களாகக் கொடுக்க வேண்டா. குருதிக் கசிவு நேரலாம். குழந்தை நீர் பருகாவிட்டாலும், சிறுநீர் குறைந்தாலும், மூச்சு வாங்கினாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பியும் விழிக்காவிட்டாலும் நள்ளிரவாயினும் தூக்கி வாருங்கள்” என்றார்.

“கம்பளி போர்த்தினேனுங்க” என்று பாட்டியார் தாமே கூறினார்.

“இனிப் போர்த்தாதீர்கள், அம்மா” என்று மருத்துவர் முறுவலித்தார்.

நண்பகலில் தந்தை பாலக்காட்டிலிருந்து நேந்திரங்காய் வறுவலுடன் திரும்பினார். பாட்டியாரின் மடியிலிருந்த சிறுவன், சோர்வோடே எனினும், பொட்டலத்தை நோக்கிக் கை நீட்டினான்.