எட்டும் எட்டும் பதினாறு

ஓர் எழுத்தாளனுக்கு எவ்வளவு ஞாபகசக்தி வேண்டும் என்று யாராவது கேட்டால், வாங்கிய முன்பணத்தை மறக்கவும், வர வேண்டிய பாக்கியை மறக்காமல் இருக்கவும் போதுமான அளவு என்று சொல்லிவிடுவேன். ஆனால் அந்த எழுத்தாளனுடைய லாப்டாப்புக்கு எவ்வளவு வேண்டும்? 2025 டிசம்பரில் இந்தக் கேள்வி என்னைப் பிடித்து ஆட்டி வைத்தது.

என் லாப்டாப் 2019-ல் வாங்கியது. 8 ஜீ.பி. மெமரி. ஆரம்பத்தில் ஜட்கா குதிரை மாதிரி ஓடிற்று. போகப் போகக் கோயில் மாடாகிவிட்டது. ஒரு வாக்கியத்தை அடித்துவிட்டுக் காபி குடிக்கப் போனால், திரும்பி வரும்போதுதான் அதன் கடைசி வார்த்தை திரையில் தலைகாட்டும்.

யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமா? "32 போட்டுடுங்க மாமா, அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லை" என்றார் மாப்பிள்ளை. "கதை எழுதுகிறவருக்கு 8 தாராளம். டைப்ரைட்டரில் என்ன மெமரி இருந்ததாம்?" என்றார் அடுத்த வீட்டு நண்பர். என் மனைவி யோசனை ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சீட்டுப் பணத்தை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள்.

"மாப்பிள்ளை சொல்றதையே வாங்கிடுங்க. தினம் நீங்க படற அவஸ்தையைப் பார்க்க முடியலை."

பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு, மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனேன். மின்னணுச் சாமான்களுக்குப் பேர்போன தெரு அது. கடைக்காரப் பையன் 32-க்குச் சொன்ன விலையைக் கேட்டதும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. சீட்டுப் பணம் முழுவதும் அதிலேயே கரைந்துவிடும்!

"என்ன தம்பி, தங்கமா விற்கிறாய்?"

"செயற்கை அறிவுக் கூடங்களுக்குன்னு மெமரியை மூட்டை மூட்டையா வாங்கிட்டுப் போறாங்க ஐயா. உலகத்திலே பெரும்பாலும் மூணே கம்பெனிதான் இதைச் செய்யுது. கொரியாவிலே ரெண்டு, அமெரிக்காவிலே ஒண்ணு. அதான் இந்த வருஷக் கடைசியிலே விலை இப்படி ஏறிடுச்சு" என்றவன், "நீங்க என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டான்.

"நாவல் எழுதுகிறேன். எல்லாவற்றையும் சேர்த்து வைக்க இடம் வேண்டாமா?"

பையன் சிரித்தான். "ஐயா, இது பீரோ இல்லை, மேஜை. உங்க நாவல் தூங்கற பீரோ வேறே. வேலை செய்யும்போது காகிதங்களைப் பரப்பி வைக்கிற இடம்தான் இது. கரண்டு போனா மேஜை காலி."

அந்த மேஜையும் விசித்திரமான மேஜை. ராபர்ட் டென்னார்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1966-ல் யோசித்து, 1968-ல் காப்புரிமை பெற்ற முறை. ஒவ்வொரு துணுக்குச் செய்தியையும் நுண்ணிய மின்குடம் ஒன்றில் வைக்கிறார்கள். எல்லாம் ஓட்டைக் குடங்கள்! ஆகவே விநாடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல் அவற்றை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 8 ஜீ.பி. என்றால் 6,800 கோடிக்கு மேற்பட்ட குடங்கள்.

"வீட்டுக்குப் போய், வழக்கமா திறக்கறதை எல்லாம் திறந்து வச்சுக்கிட்டு, டாஸ்க் மேனேஜரிலே மெமரி கணக்கைப் பாருங்க. அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டான். கையில் பணத்தோடு வந்தவனைத் திருப்பி அனுப்புகிற கடைக்காரனை அன்றுதான் பார்த்தேன்.

அப்படியே செய்தேன். நான் இதுவரை எழுதிய நாவல்கள் அத்தனையும் சேர்ந்து 20 எம்.பி.கூட இல்லை. 8 ஜீ.பி.யில் அது நானூறில் ஒரு பங்கு! முப்பது வருஷ உழைப்பின் எடை அவ்வளவுதான். பின்னே மேஜையை அடைத்துக்கொண்டிருந்தது யார்? பிறகு படிக்கலாம் என்று நான் திறந்து வைத்து மறந்த நாற்பது இணையப் பக்கங்கள், பேத்தியின் வீடியோப் பேச்சு, இன்னும் என்னென்னவோ. மொத்தத் தேவை 11 ஜீ.பி. என்று காட்டிற்று. மேஜையில் கொள்ளாததை லாப்டாப் பீரோவின் ஒரு மூலையில் திணித்துத் திணித்து எடுத்துக்கொண்டிருந்தது. தாமதத்தின் ரகசியம் அதுதான். ஆக, 8 போதாது. 32 வாங்கினால் பாதிக்கு மேல் வெறும் மேஜை. 16 போதும்.

இதைச் சொல்ல மனைவியிடம் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் அச்செடுத்து வைத்திருந்த அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். காகிதம் கையின் முழு நீளத்துக்கு எட்டி நின்றது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "மூணாம் அத்தியாயத்திலே அத்தைக்கு வலது பக்கம் மூக்குத்தி. இங்கே இடது பக்கம் போயிடுத்தே!" என்றாள்.

என் கதைகளில் தாலுகா மாறிய ஊர்களையும், செத்துப் பிழைத்த சித்தப்பாக்களையும் இத்தனை வருஷமாகப் பிடித்துக் கொடுத்து வருகிறவள் அவள்தான்.

"இந்தச் சீட்டு எதுக்காகப் போட்டே?" என்று கேட்டேன்.

"கண்ணாடி மாத்தணும்னுதான். அதுக்கென்ன அவசரம் இப்போ?"

மறுநாள் ரிச்சி தெருவில் 8 ஜீ.பி. துண்டு ஒன்று மட்டும் வாங்கினேன். சில லாப்டாப்புகளில் மெமரியைப் பலகையோடு பற்றவைத்து விடுகிறார்களாம். நல்லவேளையாக என்னுடையதில் காலி இடம் ஒன்று இருந்தது. "இதுக்கு டி.டி.ஆர்.4 தான் ஐயா. டி.டி.ஆர்.5 வாங்கினா உள்ளே நுழையாது" என்று சொல்லிக்கொண்டே பையன் அதைப் பொருத்தினான். பழைய எட்டும் புது எட்டும் ஜோடியாகச் சேர்ந்தால் வேகம் இன்னும் கொஞ்சம் கூடுமாம். மிச்சப் பணத்தோடு நேரே வீட்டுக்கு வந்து, மனைவியை அழைத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனேன்.

இந்தக் கட்டுரையைப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதலில் படித்தவள் அவள்தான். "மாப்பிள்ளை அஞ்சு வருஷம்னுதானே சொன்னார்? நீங்க பத்துன்னு எழுதியிருக்கீங்களே!" என்றாள்.

திருத்திவிட்டேன்.