தாருக்குக் கீழே

"மேல பொலிஷ் போட்டென்ன, கீழ பாத்தனீங்களோ?" எண்டு கராஜ் அண்ணை கேட்டார். நாங்கள் பார்த்திருக்கவில்லை.

அம்மப்பாவின் மொறிஸ் மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. அடித்தகடும் சேர்ந்துதான் பாரம் தாங்குகிறது. போன வருசம் கறளுக்கு மேலேயே தார் பூசி மறைத்திருந்தோம். தாருக்குள் ஈரம் தங்கி, கறள் உள்ளுக்குள்ளேயே தின்றிருந்தது. சுரண்ட ஒரு ஓட்டை. அதுக்குள்ளால நிலம் தெரிந்தது.

1990களில், பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் ஓடின கார் அது. வெட்ட மனம் வரவில்லை. உக்கின உள்ளங்கையளவு தகட்டை மட்டும் மாற்றினோம். மிச்சத்தைக் கம்பிப் பிறஷால் தேய்த்து, கழுவி, நல்லாக் காயவிட்டு, ரெட் ஒக்சைட் அடித்தோம். தண்ணி வடியும் துளைகளை அடைக்கவில்லை.

அம்மப்பாவுக்குக் குனிஞ்சு பார்க்க ஏலாது. "கீழ என்ன செய்தனீங்கள்?" எண்டார். இந்தமுறை மறைக்கவில்லை. வெட்டின தகட்டை வாங்கி, சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார்.