கதவைக் கடித்த கருப்பி

வழக்கமா நான் இங்க போடுறது அன்னதானப் பட்டியலும் பூஜை நேரமும்தான். இன்னிக்கு எங்க வீட்டு நாயைப் பத்தி எழுதுறேன். போன வாரம் காய் நறுக்கும்போது ரெண்டு பேர், "அக்கா, எங்க நாய் கண்டதையும் கடிச்சுத் தள்ளுது, என்ன பண்றது"ன்னு கேட்டாங்க. அங்க நின்னு சொல்லி முடியல. நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

கருப்பி பொறந்தது சுங்கை காடுட்ல ஒரு மரச்சாமான் பட்டறைக்குப் பின்னாடி. கிராஞ்சி எம்ஆர்டில இறங்கி நம்ம கோவிலுக்கு நடந்து வர்றவங்க அந்தப் பக்கத்து நாய்களைப் பாத்திருப்பீங்க. வீவக வீட்டுல பட்டியல்ல இருக்குற சின்ன ஜாதி நாய்தான் வளர்க்கலாம், அதுவும் ஒண்ணே ஒண்ணு. தெருவுல மீட்ட கலப்பின நாய்னா 'அடோர்' திட்டத்துல வரணும். 2020ல உயர வரம்பை 50லேருந்து 55 செண்டிமீட்டரா ஆக்கி, எடை வரம்பையும் எடுத்துட்டாங்க. அதனாலதான் இவ எங்க வீட்டுக்கு வர முடிஞ்சது. பேரு வச்சது என் பையன், 'பரியேறும் பெருமாள்' படம் பாத்துட்டு.

வந்தப்ப அவளுக்குப் பத்து மாசம். முதல் மாசத்துலயே நாலு ஜோடி செருப்பு, ஒரு ரிமோட், சோபா கால் ஒண்ணு. பட்டறையில பொறந்தவ, மரம்னா விடுவாளான்னு வீட்டுக்காரர் சிரிச்சார். பல்லு முளைக்குதுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. அது இல்ல. குட்டிக்கு 28 பால்பல், நாலு மாசம் வாக்குல விழ ஆரம்பிக்கும். ஆறேழு மாசத்துல 42 பல்லும் வந்து முடிஞ்சிடும். இவளுக்கு வேலை இல்ல, அவ்வளவுதான். காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி நடை, அவ இஷ்டத்துக்கு மோந்து பாக்க விட்டோம். செருப்பெல்லாம் அலமாரிக்குள்ள போச்சு. உள்ள ஓட்டையா இருக்குற ரப்பர் பொம்மையில சோறும் கோழியும் அடைச்சு, உறைய வச்சுக் குடுத்தோம். வேண்டாததை வாயில எடுத்தா பிடுங்காம, வேற ஒண்ணைக் காட்டி மாத்திக்கிட்டோம். நான் நடுவுல சோபா கால்ல மிளகாய்த்தூள் தடவினேன். அவ தும்மினா, பாவம், அப்புறம் அடுத்த காலைக் கடிச்சா. ஒரு மாசத்துல எல்லாம் அடங்கிடுச்சு. நாய் வளர்க்கறதுல நான் தேறிட்டேன்னு நினைச்சேன்.

ஜனவரியில பையன் தேசிய சேவைக்குப் போனான். தெக்கோங் தீவுல விட்டுட்டு வந்து, வீட்டுக்காரரும் நானும் ரெண்டு நாள் சரியா பேசிக்கல. கருப்பி அவன் ரூம் வாசல்லயே படுத்துக் கிடந்தா. நான் கடைக்குப் போனாக்கூட ஊளையிட ஆரம்பிச்சா. மேல் வீட்டுலேருந்து ஒரு சீட்டு எழுதி கேட்டுல ஒட்டியிருந்தாங்க, மரியாதையாத்தான்.

மகா சிவராத்திரி அன்னிக்கு நாலு கால பூஜைக்கும் எனக்குக் கோவில்ல வேலை. வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட். இயூ டீயிலேருந்து ஒரே ஸ்டேஷன்தானே, நடுவுல ஒரு தடவை வந்து பாத்துக்கலாம்னு நினைச்சேன். வரல. விடிஞ்சு கதவைத் திறந்தா, கதவோட கீழ்ப்பக்கம் ஒரு முழ அளவுக்கு மரம் பிய்ஞ்சு கிடக்கு. நிலைச்சட்டத்துல ரத்தம். தூக்கம் வேற இல்ல எனக்கு. செருப்பைக் கழட்டி ரெண்டு அடி வச்சேன். அவ காதை மடக்கி, தலையைக் குனிஞ்சு, கண்ணைத் திருப்பிக்கிட்டா. "பாரு, தப்பு பண்ணினது தெரியுது"ன்னு இன்னும் ஒரு அடி.

அப்புறம்தான் வாயைத் திறந்து பாத்தேன். ஈறு கிழிஞ்சிருந்தது, ஒரு நகம் உடைஞ்சிருந்தது. விபூதியோட வந்து அடிச்சிருக்கேன். சிவன் கோவில்ல பைரவர் பக்கத்துல நிக்கிறது யாருன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அதுக்கப்புறம் வந்த தேய்பிறை அஷ்டமிக்கு வடைமாலை கோக்க என்னால உக்கார முடியல. காய்ச்சல்னு சொன்னேனே, அது பொய்.

கால்நடை டாக்டரம்மா முதல்ல கேட்டது, "எங்க கடிச்சிருக்கா?"ன்னுதான். வீடு முழுக்க அங்கங்க கடிச்சா பொழுது போகாத நாயா இருக்கலாம். கதவு, ஜன்னல், வெளிய போற வழின்னு பாத்து, அதுவும் தனியா இருக்கும்போது மட்டும் கடிச்சா, அது பிரிவு பயமா இருக்க வாய்ப்பு அதிகம்னு சொன்னாங்க. பழைய போனை அலமாரியில வச்சு வீடியோ எடுக்கச் சொன்னாங்க. எடுத்தோம். நான் கிளம்பி பத்தாவது நிமிஷம் அவ குறுக்கும் நெடுக்கும் நடக்குறா, மூச்சு வாங்குது, தரை முழுக்க எச்சில். உறைய வச்ச பொம்மை அப்படியே கிடக்கு, மோந்துகூட பாக்கல. அப்புறம் கதவு. என்னால முழுசா பாக்க முடியல.

அந்தத் "தப்பு பண்ணின மூஞ்சி"யைப் பத்தியும் டாக்டரம்மா சொன்னாங்க. 2009ல அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் இதைச் சோதிச்சுப் பாத்திருக்காங்க. நாய் பிஸ்கட்டைத் தின்னுச்சா இல்லையாங்கறதுக்கும் அந்த மூஞ்சிக்கும் சம்பந்தமே இல்ல. திட்டு வாங்கினா அந்த மூஞ்சி வருது. தின்னாமலே திட்டு வாங்கின நாய்தான் இன்னும் பாவமா இருந்துச்சாம். நான் பாத்தது என்னைக் கண்ட பயம். தனியா இருக்கப் பயம், ஆள் திரும்பி வந்தாலும் பயம்னு ஆக்கிட்டேன்.

வைத்தியம் மெதுவானது. சாவியை எடுத்துட்டு வெளிய போகாம உக்காரணும். பையை மாட்டிக்கிட்டு டிவி பாக்கணும். இதெல்லாம் அவளுக்குச் சாதாரணம் ஆனப்புறம் கதவைச் சாத்தி அரை நிமிஷம். அப்புறம் லிப்ட் வரைக்கும். அவ பதறுறதுக்கு முன்னாடி திரும்பிடணும், பதறினா நேரத்தைக் குறைக்கணும். இது பழகுற வரைக்கும் நிஜமாவே தனியா விடக்கூடாது. அதுதான் கஷ்டம். வீட்டுக்காரர் நைட் ஷிப்ட்டை மாத்திக்கிட்டார். எதிர்வீட்டு சீனப் பாட்டி அவங்க சீரியலை எங்க வீட்டுல வந்து பாத்தாங்க. நான் ரெண்டு மாசம் கோவில் பக்கம் சரியா வராததுக்கும் இதுதான் காரணம். மாத்திரையும் உண்டு. "நாய்க்கு மன மருந்தா?"ன்னு வீட்டுக்காரர் முறைச்சார். வேலை செய்ய சில வாரம் ஆகும்னு டாக்டரம்மா சொன்னாங்க, அப்படித்தான் ஆச்சு. நீங்களா வாங்கிக் குடுத்துடாதீங்க.

இன்னொண்ணு, கோவில்காரங்களுக்கு. பிரசாதத்தை நாய்க்கு வைக்காதீங்க. சர்க்கரைப் பொங்கல்ல போடுற உலர்திராட்சை நாயோட சிறுநீரகத்தைக் கெடுக்கும். கற்பூரமும் விஷம், டப்பாவை எட்டாத இடத்துல வைங்க. கடிக்கட்டுமேன்னு வேகவச்ச எலும்பும் போடாதீங்க, சிலும்பு சிலும்பா உடைஞ்சு குடல்ல குத்தும்.

ஒரு நேரத்துல அவளைத் திருப்பிக் குடுத்துடலாம்னு வீட்டுல பேச்சு வந்தது. பையன் முகாம்லேருந்து போன் பண்ணினப்ப சொல்ல வாய் வரல. இன்னும் சொல்லல. இதைப் படிச்சு தெரிஞ்சுக்கட்டும்.

போன ஞாயித்துக்கிழமை ஒன்றரை மணி நேரம் தனியா இருந்தா. வீடியோவுல பாதி நேரம் தூக்கம். நடுவுல எழுந்து பையன் ரூமை ஒரு தடவை எட்டிப் பாத்தா, திரும்ப வந்து படுத்துட்டா. கதவுல தகரம் அடிச்சிருக்கோம், அழகா இல்லதான்.

இந்த வெள்ளிக்கிழமை சமையல்கட்டுக்கு வர்றேன். ஆனா எட்டு மணிக்கு மேல இருக்க முடியாது. பாத்திரம் கழுவுற முறையை யாராவது மாத்திக்கிட்டா புண்ணியமாப் போகும். பதில்ல பேரு போடுங்க.

சிவாய நம 🙏