பெயர் சொல்லாத கணக்கு

இலக்கண வகுப்பில் தோன்றா எழுவாய் படித்தோமே, "நன்றாகப் படித்தாய்" என்றால் "நீ" ஒளிந்திருக்கும் என்று. கணக்கிலும் அப்படி ஒன்று இருக்கு. எனக்குச் சொன்னது லீவுக்கு வந்த பெரியம்மா மகள் அக்கா. அவங்க கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாங்க.

கென்னத் ஐவர்சன் என்பவர் கனடா நாட்டுக்காரர். 1962-இல் ஏபிஎல் என்ற மொழியைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1979-இல் டூரிங் விருது வாங்கினார். பிறகு ரோஜர் ஹூய் என்பவரோடு சேர்ந்து 1990-இல் ஜே என்ற மொழியைச் செய்தார். ஜே-யில் ஒரு பட்டியல் முழுவதையும் ஒரே அடியில் கணக்குப் போடலாம். +/ என்றால் எல்லாம் கூட்டு, # என்றால் எத்தனை என்று எண்ணு, % என்றால் வகு. (நம்ம சதவீதக் குறி அங்கே வகுத்தல்! எனக்கு இன்னும் சிரிப்புதான்.)

எங்க அம்மா மல்லிகைப்பூ எடுக்கப் போவாங்க. கிலோ கணக்கில்தான் கூலி. திங்கள் முதல் வெள்ளி வரை எடுத்தது 3 5 4 2 6. சராசரி 4. ஒவ்வொரு நாளும் சராசரியை விட எவ்வளவு கூட, குறைய என்று பார்க்க இப்படி எழுதணும்:

பூ - (+/ பூ) % # பூ

"பூ" மூன்று தடவை வருது. அக்கா அதை எடுத்துட்டாங்க:

] - (+/ % #)

] என்றால் கொடுத்த பட்டியல் அப்படியே. மூன்று செயல் சேர்ந்து நின்றால் இரண்டு ஓரமும் தனித்தனியாகப் பட்டியலைப் பார்க்கும், நடுவில் உள்ளது இரண்டு விடையையும் சேர்க்கும். வலது பக்கத்திலிருந்துதான் மூன்று மூன்றாகச் சேரும். அதனால் உள்ளே இருக்கிற அடைப்பு வேண்டாம்:

] - +/ % #

இன்னும் சுருக்கலாமாம். இரண்டு செயல் மட்டும் நின்றால் முதல் செயலுக்கு இடது பக்கம் பட்டியல் தானாகவே வந்துவிடும். ஆக ] கூட வேண்டாம்:

- +/ % #

ஆனால் பட்டியலைக் கொடுக்கும்போது இதைச் சுற்றி அடைப்பு போட்டே ஆகணும். அக்கா வேண்டுமென்றே எடுத்துக் காட்டினாங்க. _0.2 என்று வந்தது! வலமிருந்து எண்ணி 5, அதன் தலைகீழ் 0.2, கூட்டினாலும் அதுவே, கடைசியில் கழித்தல் குறி. அடைப்பு போட்டதும் சரியாக

_1 1 0 _2 2

என்று வந்தது. ஜே-யில் கழித்தல் எண்ணுக்கு அடிக்கோடுதான் அடையாளம்.

எனக்குப் பிடித்தது ] இருக்கிறதுதான். கடைசியில் உள்ளதில் பூ எங்கே நிக்குதுன்னே தெரியலை. அக்கா ஒத்துக்கலை, குறைவா எழுதறதுதான் அழகுன்னாங்க. ரெண்டு பேரும் ராத்திரி வரை சண்டை.

அம்மா எட்டிப் பார்த்து, "அந்தக் கோடு போட்ட ரெண்டு என்னடி?" என்றாங்க. வியாழக்கிழமை, சராசரிக்கு ரெண்டு கிலோ குறைவு என்றேன். அன்னைக்குத்தான் என் உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்துப் போட அம்மா பாதி வேலையில் பள்ளிக்கூடம் வந்தாங்க. அதை நான் சொல்லலை. அம்மாவும் சொல்லலை.

"சனிக்கிழமை சேர்த்து எடுத்துடலாம்"னு சொல்லிட்டு உலை வைக்கப் போயிட்டாங்க.

– 9-ஆம் வகுப்பு மாணவி