மகளின் வாயால் சொன்ன பொய்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான உரும்பிராய்க்கு வரும்போதெல்லாம் சொந்தக்காரர் என்னைப் பாராட்டுகிறார்கள். நோர்வேயில் பிறந்த பிள்ளை இவ்வளவு வடிவாகத் தமிழ் கதைக்கிறாளே, நல்லாய் வளர்த்திருக்கிறாய் என்கிறார்கள். அந்தப் பாராட்டுக்கு எனக்குத் தகுதியில்லை. இதை எழுத மகள் சம்மதித்திருக்கிறாள்.

எண்பதுகளில் நோர்வேக்குப் போன பலரைப்போல நானும் முதலில் வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தேன், பிறகு ஒஸ்லோ. வேலைக்குத் தேவையானதற்கு மேல் நோர்வேஜிய மொழியைப் படிக்க நான் முயலவில்லை. பள்ளிக்கூடத்துக் கடிதம், வைத்தியரின் கேள்வி எல்லாவற்றையும் மகள்தான் தமிழில் சொன்னாள். அரச அலுவலகங்கள் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதற்குத் தடை 2016இல்தான் வந்தது.

அங்கே 7ஆம் வகுப்பு முடியும்வரை புள்ளி கிடையாது. புலமைப்பரிசில், ரியூசன் என்று ஓடி வளர்ந்த எனக்கு அது படிப்பாகவே தெரியவில்லை. ஆசிரியை, இவள் இடைவேளையில் யாரோடு நிற்கிறாள் என்பதைப் பற்றிக் கதைப்பார். நான் கணக்கைப் பற்றிக் கேட்பேன்.

7ஆம் வகுப்பில் லெய்ர்ஸ்கூலே வந்தது. வகுப்பே சில நாள் வெளியூரில் தங்கிப் படிக்கும் முகாம். பெடியளும் வரும் இடத்தில் இரவு தங்கவோ என்று மறித்தேன். காரணத்தை ஆசிரியையிடம் சொல்லத் துணிவில்லை.

"அப்பாவுக்குச் சுகமில்லை, நான் வீட்டிலை நிக்கவேணும் எண்டு சொல்லு."

"நீங்கள் நல்லாய்த்தானே இருக்கிறியள், அப்பா?"

"சொன்னதைச் சொல்லு."

சொன்னாள். ஆசிரியை என் பக்கம் திரும்பி, உண்மையாகவே வருந்தி ஏதோ சொன்னார். அந்த ஆறுதலையும் அவளே எனக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

முகாமால் வந்த பிள்ளைகளின் கதைகளில் அவளுக்குப் பங்கில்லை. அந்த வருடம் முழுக்க அவள் ஒதுங்கியே நின்றாள்.

பண்பாட்டைக் காக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நான் பயந்தது எங்கடை சனத்தின் வாய்க்கு. பெண்பிள்ளைகளை முகாமுக்கு அனுப்பிய தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. அவர்களைப் பற்றிக் குறை கதைத்தவர்களில் நானும் ஒருவன். ஊரார் மெச்சும் தமிழோ, சனிக்கிழமைகளில் தங்கள் ஓய்வைக் கொடுத்து அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடத்தில் படிப்பித்தவர்கள் தந்தது.

வளர்ந்த மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். முகாம் போகாதது பரவாயில்லை, அந்த ரீச்சர் என்னை நம்பினவ அப்பா, அதுதான் இன்னும் கிடக்குது என்றாள்.

ஆசிரியைக்கு நடந்ததை எழுதிக்கொண்டிருக்கிறேன். நோர்வேஜிய மொழியில், எனக்குத் தெரிந்த மட்டில். பிழை திருத்த மகளிடம் கொடுக்கமாட்டேன்.